நள்ளிரவுத் திசைமாற்றம்

கதை என்று நினைத்து நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கியிருந்தால், முதலிலேயே திருத்திவிடுகிறேன். இது என் முதுகில் நடந்தது. தழும்பு இருக்கிறது. சட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னால் காட்டுவேன்.

நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் அளவெடுப்பவன். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். எனவே போட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

அது இருபத்து நான்கு மணி நேர ஓட்டம். நானூறு மீட்டர் மைதானத்தை ஒரு பகலும் ஓர் இரவும் சுற்ற வேண்டும். நண்பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கி மறுநாள் நண்பகல் முடியும். ஒரே பக்கமாக வளைந்து ஓடினால் ஒரு கால் மட்டும் பழுதாகிவிடும் என்பதால், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாற்றுவார்கள். தொடக்கக் கோட்டின் மேல் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைப்பார்கள். ஒவ்வொருவரும் அதைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். அந்த ஒரு சுற்றில் மட்டும், அதுவரை நம் முதுகுக்குப் பின்னால் வந்தவர்களை நேருக்கு நேர் பார்ப்போம். கையோடு கை தட்டிக்கொண்டு கடப்போம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருநூறு கிலோமீட்டர் ஓடினால் மாநில அணியில் இடம். முந்தைய இரண்டு முறையும் இரவு பத்து மணி வாக்கில் உட்கார்ந்துவிட்டேன். கால் கெடவில்லை, மனசுதான் கைவிட்டது. எதற்கு இப்படி ஓடுகிறோம் என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள், அது வந்தால் ஆள் காலி. இந்த முறையும் உட்கார்ந்தால் ஓட்டக் காலணியைக் குப்பையில் போட்டுவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

அவள் மைதான ஓரத்தில் தண்ணீர், வாழைப்பழத்தோடு இருந்தாள். நாற்காலி ஒன்றே ஒன்றுதான் கொண்டு வந்திருந்தாள். அதில் அவளே உட்கார்ந்துகொண்டாள்.

"உங்களுக்கு இடமில்ல. ஓடுங்க."

எங்களோடு வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் ஓடினார். என்னைவிட மூன்று வயது பெரியவர். எல்லோருக்கும் அவர் 'போடா அண்ணன்'. சுற்றுக்கு ஒருமுறை, திரும்பிப் பார்க்காமலேயே, தோளுக்கு மேலே "போடா!" என்று கத்துவார். களைப்பை விரட்டுகிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

இரவு 9.40. என் வேகம் விழுந்துவிட்டது. அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

"என்னடா, நாற்காலியையே பாக்குற? வீட்டுக்காரம்மா எந்திரிக்க மாட்டாங்க."

"முடியலண்ணே."

"ஆசைக்கு ஓடுனா இவ்வளவுதான். அடிக்குப் பயந்து ஓடணும். பின்னாடி ஒருத்தன் வர்றான்னு வெச்சுக்க. குட்டையான ஆளு. கையில உருட்டுக்கட்டை. இடது காலை இழுத்து இழுத்து வருவான்."

"யாருண்ணே அது?"

"யாரா இருந்தா உனக்கென்ன? வளைவு வரும்போது வாடான்னு கூப்பிடு. மனசார கூப்பிடணும்."

சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

விளையாட்டாகத்தான் கூப்பிட்டேன். முதல் வளைவில், "வாடா." ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் சற்று சத்தமாக, "வாடா, பாக்கலாம்." மூன்றாவது முறை எனக்கே கோபம் வந்துவிட்டது. இரண்டு வருடத் தோல்வியையும் சேர்த்துக் கத்தினேன். "வாடா!"

10.05. பின்னால் சத்தம் கேட்டது.

தப்... சர்ர்ர். தப்... சர்ர்ர்.

யாரோ காலில் கொப்புளம் வந்து இழுத்து ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். வழி விட்டு ஒதுங்கினேன். சத்தமும் ஒதுங்கியது.

முதல் அடி வலது தோள்பட்டையில் விழுந்தது. கண்ணில் மின்னல் அடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், வாய் முழுக்க ரத்தம். திரும்பிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் வெறும் பாதை. தலையை முன்னால் திருப்பியதும் இரண்டாவது அடி. விலாவில்.

ஓடினேன். அப்படியொரு ஓட்டம் நான் அதற்கு முன் ஓடியதில்லை.

சுற்று எண்ணும் அக்கா மேசையிலிருந்து கூவினார். "பிரமாதம் தம்பி! என்ன சாப்ட்டீங்க?" பிறகு, பின்னால் வந்துகொண்டிருந்த போடா அண்ணனைப் பார்த்து, "என்னண்ணே, இன்னிக்கு போடா சத்தத்தையே காணோம்?"

உண்மைதான். 10.05க்குப் பிறகு அவர் அதைச் சொல்லவே இல்லை. சீட்டியடித்துக்கொண்டு ஓடினார்.

10.50க்குத் தண்ணீர் வாங்கக் கை நீட்டினேன். மனைவி என் முதுகைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது? சட்டை கிழிஞ்சு ரத்தமா வருது!"

"விழுந்துட்டேன்."

"மல்லாக்கவா விழுந்தீங்க?"

 நின்ற அந்த நொடியில் நீட்டிய கைமேல் விழுந்தது. புட்டி பறந்தது. சுண்டு விரல் பின்பக்கமாக மடங்கித் தொங்கியது. விரலைக் கடித்து நேராக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவரிடம் காட்டினால் மைதானத்தைவிட்டு வெளியேற்றிவிடுவார். அணி போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதற்கு ஓடுகிறோம் என்ற கேள்வி அதன் பிறகு வரவேயில்லை.

11.30. போடா அண்ணனை எட்டிப் பிடித்தேன்.

"அண்ணே... நிஜமாவே அடிக்குதுண்ணே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா ஓடுற இல்ல? ஓடு."

"எப்ப நிறுத்துவான்?"

"பேசாத. ஓடு."

அவரைத் தாண்டிப் போனேன். சத்தமும் என்னோடு தாண்டி வந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது... பன்னிரண்டு மணிக்குத் திசை மாற்றம். கூம்பைச் சுற்றித் திரும்பினால், பின்னால் வருபவனை நேருக்கு நேர்...

12.00. ஊதல் சத்தம்.

முன்னால் போனவர்கள் திரும்பி எதிரே வரத் தொடங்கினார்கள். கை தட்டினார்கள். ஒருவர் என்னைக் கடக்கும்போது மூன்றாவது தடம் வரை விலகிப் போனார். ஓர் ஆளுக்கு அவ்வளவு இடம் வேண்டாம்.

இரண்டு ஆளுக்கு வேண்டும்.

கூம்பு வந்தது. கண்ணை இறுக மூடினேன். கூம்பின் உச்சியைக் கையால் தடவியபடி திரும்பினேன்.

முகத்தில் மூச்சு பட்டது. துருப்பிடித்த இரும்பு வாடை.

அடி விழவில்லை.

கண்ணைத் திறந்து ஓடினேன். பின்னால்... சத்தமே இல்லை. அது கூம்பருகே நின்றுவிட்டது.

எதிரே போடா அண்ணன் வந்தார். சிரித்தபடி, தட்டுவதற்குக் கையைத் தூக்கியபடி.

என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். கை இறங்கியது.

"டேய்... அவன் எங்கடா?"

அதற்குள் கடந்துவிட்டோம்.

பின்னால் அவர் குரல்.

"போடா!"



"போடா... போடா..."

டொக்.

ஈரத் தேங்காய் உடைகிற மாதிரி.

டொக். டொக்.

நான் திரும்பவில்லை.

ஓடினேன்.

அடுத்த சுற்றில் அவரைத் தூக்குப் படுக்கையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் துண்டு போட்டிருந்தது. துண்டு சிவப்பாக இருந்தது. கூம்பு நசுங்கிக் கிடந்தது. கால் தடுக்கிக் கூம்பின் மேல் குப்புற விழுந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். வெளித்தடத்துக்கு மாறி ஓடினேன். விடியும்வரை ஓடினேன். விடிந்த பிறகும் ஓடினேன். இருநூற்று மூன்று கிலோமீட்டர்.

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவர் வீட்டுக்குப் போனபோது அண்ணி அழவில்லை. என்னைத் தனியாக அழைத்து ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"டாக்டர் சொன்னதைச் சொல்றேன், உங்களுக்கு ஏதாவது தெரியுமா பாருங்க. முகமும் நெஞ்சும் அன்னிக்கு உடைஞ்சதாம். முதுகுல இருக்கிறதெல்லாம் பழசாம். விலா எலும்பு ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை, மூணு தடவை உடைஞ்சு தானா ஒட்டியிருக்காம். இத்தனை வருஷமா யாரும்மா இவரைப் பின்னாலேருந்து அடிச்சதுன்னு என்னைக் கேக்குறார். நான் என்னங்க சொல்றது?"



இது நடந்து ஐந்து மாதமாகிறது. விரல் கோணலாக ஒட்டிவிட்டது. அணியில் இடம் கிடைத்துவிட்டது. தினமும் விடியற்காலையில் பயிற்சி ஓடுகிறேன், வாயை இறுக மூடிக்கொண்டுதான். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் மனைவி காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ராத்திரி முழுக்க யாரைப் போடா போடான்னு விரட்டிட்டு இருந்தீங்க?"

அடுத்த மாதம் அணிக்கான ஓட்டம். இந்த முறை மைதானத்தில் இல்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, நேர் சாலையில்.

அதில் திசைமாற்றம் கிடையாது.