முதல் உளி விழுந்த நாள்

மாமா வாயைத் திறந்தால் அதில் பாதியை நம்பலாம், எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதுதான் பேஜாரு என்று அப்பா சொல்வார். அப்பா கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் நிற்க வேண்டிய வேலை. அவருக்கு மாமாவைப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு முட்டும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாமல்லபுரத்தில் கைடு. கல்யாணம் ஆகாதவர், அதனால் எங்கள் வீட்டில் சாப்பாடு, எங்கள் வீட்டு மாடியில் படுக்கை. காலையில் நாஸ்தா முடித்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், ஊரில் எல்லோரும் தபசு என்று சொல்கிற பெரிய சிற்பப் பாறைக்கு எதிரே போய் நிற்பார். "கல்லு பேசாது பாப்பா, அதான் அதுக்கும் சேத்து நான் பேசறேன்" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் மிஸ் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். பிறந்தநாள் வருகிற பிள்ளை கலர் டிரஸ் போட்டுக்கொண்டு சாக்லெட் கொடுத்தால் மட்டும் போதாது. காலை அசெம்பிளியில் மைக் முன்னால் நின்று, அதே தேதியில் எந்தப் பெரிய மனிதர் பிறந்தார், அல்லது என்ன பெரிய காரியம் நடந்தது என்று ஒன்றாவது சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் வகுப்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. தலைவரோடு பிறந்தவர்கள், விஞ்ஞானியோடு பிறந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம். சும்மா பிறந்தவர்கள் ஒரு பக்கம். ஒரு பையனுடைய தேதியில் யாரோ ஒருவர் விமானத்தில் ஏதோ ஒரு கடலை முதல் தடவையாகத் தாண்டினாராம். அன்று பூராவும் அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டே நடந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பிறந்தது குழந்தைகள் தினத்தில். "எனக்காக நாடே முட்டாயி குடுக்குது, உனக்கு யாரு குடுக்கறா?" என்று கேட்பாள்.

எனக்கு யாரும் கொடுக்கவில்லை. என் தேதி பிப்ரவரி பதினெட்டு. மிஸ்ஸிடம் கேட்டேன், லைப்ரரி சாரிடம் கேட்டேன், இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். வீட்டில் கிழிக்கிற தினசரி காலண்டரை அந்தத் தேதி வரைக்கும் புரட்டிப் பார்த்தேன். அஷ்டமி. கீழ்நோக்கு நாள். என் ராசிக்கு நேரே ஒரே ஒரு சொல் போட்டிருந்தது: ஏமாற்றம்.

"இன்னா பாப்பா, மூஞ்சியே கீழ்நோக்கு நாளாட்டம் கீது?" என்றார் மாமா, இட்லியைப் பிட்டுக்கொண்டே.

சொன்னேன். அவர் பிட்ட இட்லியை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பிப்ரவரி பதினெட்டா? இத்தினி வருஷமா ஒரே வூட்ல கீறோம், எனக்கு ஒறைக்கவே இல்லியே! தபசுல மொத உளி வச்சதே அன்னிக்குதானே! பல்லவ ராஜா யானை மேல வந்து எறங்கி, சிற்பி கையில வெத்தல பாக்கு குடுத்து, 'வைடா உளிய'ன்னு சொன்ன நாளு பாப்பா அது!"

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம ஊர் சரித்திரம்! அன்னைக்கு அசெம்பிளி முடிஞ்சதும் கிளாஸே நடந்து போய் பாறையப் பாத்துட்டு வரலாம்" என்றார். பக்கத்தில் இருந்தவள் மட்டும், "யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

"எங்க மாமா. அவரு கைடு."

"கைடா...?" என்றாள். அந்தச் சொல்லை அவள் இழுத்த இழுப்பு, கோவளம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "எங்கப்பாவுக்குப் பாறையப் பாத்துக்கற ஆபீஸ்ல ஆளு தெரியும். கேட்டுட்டு வரச் சொல்றேன். பொய்யின்னு தெரிஞ்சுது, அசெம்பிளியிலயே கைய தூக்கிருவேன், பாத்துக்கோ."

நான் பயப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு மாமா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்று அம்மா என்னிடம் டிபன் கேரியரைக் கொடுத்து அனுப்பினார். நான் போனபோது மாமா ஒரு வடநாட்டு அம்மாவுக்குப் பாறையைக் காட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடக் கூடாதே என்று பின்னால் நின்றேன்.

"மேடம், யுவர் பர்த்டே?"

அந்த அம்மா ஆகஸ்ட்டில் ஏதோ ஒரு தேதி சொன்னார். மாமா ஓரடி பின்னால் போனார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஓ மை காட்! மேடம்! திஸ் ராக், ஃபர்ஸ்ட் உளி, சேம் டே! கிங் கமிங் ஆன் எலிஃபெண்ட்!"

அதே நெஞ்சு, அதே கை, அதே யானை. ஒருவேளை அந்த அம்மாவுக்கு மட்டும் மரியாதைக்குச் சொல்லியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பார்த்தால், அடுத்து வந்த கோயம்புத்தூர்க்காரருக்கு நவம்பரில் ராஜா யானையை விட்டு இறங்கினார்.

பாறையின் அடியில் பெரிய யானைகளுக்குப் பக்கத்தில் ஒரு பூனை செதுக்கியிருக்கும். ஒற்றைக்காலில் நின்று, கையை மேலே தூக்கி, கடும் தவம் செய்வதுபோல நிற்கும். காலடியில் எலிகள் பக்தியோடு கூடியிருக்கும். தவமெல்லாம் வேஷம், எலிகளைப் பிடிக்கத்தான் என்று மாமாவே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தப் பூனையைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை ஒன்றுதான் வித்தியாசம்.

ஆனாலும் சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும் அல்லவா? எதிரே சங்கு மாலையும் பாசிமணியும் விற்கிற அக்கா ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். நாள் பூராவும் மாமாவின் குரல் அவள் காதில்தான் விழும். அவளிடம் போய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, முதல் உளி எப்போது வைத்தார்கள் என்று கேட்டேன்.

அவள் மாலை கோர்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "உங்க மாமனுக்கு வருஷம் பூராவும் மொத உளிதான் கண்ணு. ஒருத்தரு பிப்ரவரி இருபத்தொம்போதுன்னாரு. நான் கூட மாட்டிக்கினாருடா மனுசன்னு பாத்தேன். அதுக்கும் அசரலியே! 'நாலு வருஷத்துக்கு ஒருவாட்டிதான் சார் நாளு வந்துச்சு, அதான் பாதில நின்னுபோச்சு'ன்னு செதுக்கி முடிக்காத எடத்தயே காட்டிட்டாரு."

கேரியரை அவளிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. சந்தேகம் பிடித்துக்கொண்டால் அழுகைக்கு இடம் இருக்காது. மாமா சொன்னதை எல்லாம் பழைய துணியை உதறுவதுபோல ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் முட்டை வேகவைப்பேன் என்றது, திருவிடந்தைக் கோயில் பட்டர் தன் கைரேகையைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்றது, எதுவும் தேறவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

"மாமா, ராஜா எத்தன வாட்டி யானை மேலேர்ந்து எறங்குனாரு?"

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. செருப்பை மெதுவாகக் கழற்றினார். "த பாரு பாப்பா. உளி வச்சாங்களா இல்லியா? வச்சாங்க. ஏதோ ஒரு நாள்லதான வச்சிருப்பாங்க? எந்த நாளுன்னு யாருக்குனா தெரியுமா? அந்தக் கல்லுல தேதி போட்டுக் கீதா? அப்ப அது உன் நாளு இல்லன்னு நீ எப்படி சொல்லுவ?"

"அப்போ உன் பொறந்தநாளு சொல்லு. அன்னைக்கும் அதே உளியா?"

மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். மாமா தலையைச் சொறிந்தார்.

"எனக்கு ஜூன் ஒண்ணு. எங்க கிளாஸ்ல பாதி பேருக்கு அதான்."

இதை யாராவது நம்புவார்களா? ஒரு வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் எப்படிப் பிறக்க முடியும்? நான் முறைத்த முறைப்பில், அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தார். அவர்கள் பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் ஹெட்மாஸ்டர் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வாராம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதி தெரியாதவர்களுக்கு எல்லாம் ஜூன் ஒன்று.

"அப்போ நெஜமான நாளு?"

"சொல்ல வேண்டியவங்க அவன் தவழ்றதுக்குள்ளயே போய்ட்டாங்க. அவன் பொறந்தப்ப எனக்கு நாலு வயசு. ஊரே நனைஞ்சிகினு இருந்துது, அவ்ளோதான் தெரியும்" என்றார் அம்மா.

மாமா சிரித்தார். "நமக்கு நாளும் கெடையாது, உளியும் கெடையாது பாப்பா. வுடு."

அம்மாவும் கூட்டு என்று முடிவு செய்தேன். தம்பியைக் காப்பாற்ற அக்கா ஒரு மழையையே இறக்குகிறார் என்று தோன்றியது.

பிப்ரவரி பதினெட்டு வந்தது. புதுப் பாவாடை, சட்டை, சாக்லெட் பாக்கெட். பக்கத்தில் இருந்தவள் வரிசையில் நின்றபடியே, "எங்கப்பா கேட்டுட்டாரு" என்று கிசுகிசுத்தாள். அவள் வலது கை ஏற்கெனவே பாதி தூக்கின மாதிரி இருந்தது.

மைக் முன்னால் போனேன். முதல் உளி என்று சொன்னால் மாட்டிக்கொள்வேன். ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் சும்மா பிறந்தவர்களில் ஒருத்தியாகிவிடுவேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மாமா எனக்கு ஒரு பொய் கொடுத்தார். அதே கையில் நானும் ஒன்று திருப்பிக் கொடுத்தால் என்ன? அவருக்குத்தான் நாளே இல்லையே, யார் வந்து மறுக்க முடியும்?

"இன்று பிப்ரவரி பதினெட்டு," என்றேன். "இந்த நாளில்தான் மாமல்லபுரத்தின் புகழ்பெற்ற வழிகாட்டியான என் தாய்மாமா பிறந்தார்."

தவம் செய்கிற பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்காருகிறவளின் கை தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நின்றது. மிஸ், "அப்போ முதல் உளி?" என்று கேட்டார்.

"அது சந்தேகம் மிஸ். இதுதான் நிச்சயம்."

தப்பித்தேன் என்று மூச்சு விடுவதற்குள் மிஸ் சொன்னார்: "நல்லதாப் போச்சு. பாறைக்குத்தானே போறோம்? எல்லாரும் மாமாவுக்கு நேர்லயே வாழ்த்து சொல்லிட்டு வந்துரலாம்."

வழியெல்லாம் வரிசையின் கடைசியில் நடந்தேன். மாமா எல்லோர் முன்னாலும் "யாரு சொன்னது?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், என் கதை முடிந்தது.

பாறைக்கு எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் மாமா முதல் உளியை அப்போதுதான் வைத்து முடித்திருந்தார். அந்த அம்மா தன் பிறந்தநாளுக்குக் கிடைத்த பெருமையில் பாறையைத் தடவிப் பார்க்காத குறையாக நின்றுகொண்டிருந்தார். வகுப்பு முழுக்க மாமாவைச் சுற்றி வளைத்துக்கொண்டு, "ஹாப்பி பர்த்டே, மாமா!" என்று கத்தியது. கையை விரித்து நடந்த பையன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். சங்குமாலை அக்கா எழுந்து நின்று பார்த்தாள்.

மாமா திரும்பி என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். ஒற்றைப் பார்வை. நான் யானையின் காலைப் பார்த்துக்கொண்டேன். கல்லுக்கும் சேர்த்துப் பேசுகிற மனிதர், அன்று அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

"இஸ் இட் யுவர் பர்த்டே?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எஸ் மேடம்," என்றார் மாமா. "டுடே."

கண்ணை இமைக்காமல் சொன்னார். பார், எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, தன் பிறந்தநாளில் முதல் உளி விழுந்ததென்றால் மாமாவின் பிறந்தநாளில் இங்கே என்ன நடந்தது என்று கேட்டார். ராஜா வந்து இறங்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நத்திங் மேடம்," என்றார் மாமா. சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "டுடே... ஒன்லி மை பர்த்டே."

சாயங்காலம் அம்மா எனக்காகக் கேசரி கிண்டியிருந்தார். நடந்ததைச் சொன்னதும், முதல் கரண்டியை எடுத்து மாமாவின் வாயில் ஊட்டினார். என் கேசரி, என் நாள். மாமா மென்று முடிக்காமலேயே எழுந்து கொல்லைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினார். என்னை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

சில மாதம் கழித்து சங்குமாலை அக்கா என்னைக் கூப்பிட்டாள். "இன்னா கண்ணு, உங்க மாமனுக்கு இன்னா ஆச்சு? நேத்து ஒரு அம்மா அந்த பிப்ரவரி பதினெட்ட சொல்லுச்சு. மொத உளி வருமுன்னு பாத்தா, 'நல்ல நாளும்மா'ன்னு மட்டும் சொல்லிட்டு யானைய காட்ட போய்ட்டாரு. மத்த நாளெல்லாம் எப்பவும் போலதான். அந்த ஒண்ண மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேங்குறாரு."

எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா? என் நாள்ல ஒண்ணுமே நடக்கலன்னு மாமாவுக்கே தெரிஞ்சிருக்குது! அதான் அத மட்டும் இப்ப சொல்றது இல்ல. வசமா மாட்டிக்கினாரு!"

அம்மா குனிந்தபடியே, கழுவிய மீனையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். பதில் இல்லாததால்தான் பேசாமல் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஜெயித்த சந்தோஷத்தில் விளையாட ஓடிவிட்டேன்.