பசையை எடுத்த பந்து

எதிலும் பெயர் எழுதி ஒட்டாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. மகளின் பால் புட்டியில்கூட ஒட்டியிருப்பேன். மலேசியாவின் ஈப்போ நகருக்கு நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்தபோது, ஒரு கல்யாணத்தைப் படம் பிடிக்க என் கணவர் முதலாளியின் புதுக் கேமராவை இரவல் வாங்கி வந்தார். மண்டபத்தில் மாறிவிடுமோ என்று பயந்து, அதன் கறுப்பு மேற்புறத்தில் கணவர் பெயரை ஒட்டினேன்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் உரித்தேன். காகிதம் வந்தது, பசை வரவில்லை. அவர் பிளேடை எடுத்தார்.

"வேணாங்க, பெயிண்ட் போயிரும்!"

"அப்ப தின்னர் போடவா?"

"அது பெயிண்டையே கரைச்சிரும்லா."

"ஒட்டுனது நீ. மொதலாளிகிட்ட என்னா சொல்றது, நீயே சொல்லு."

அப்போது மகள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பந்தை உருட்டி வந்தாள். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவும் என் அப்பா, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் செய்து தந்தது. நாற்றமடிக்கிறதென்று, யாராவது வந்தால் நான் ஒளித்துவைக்கும் பந்து. சின்ன வயதில் கையில் காய்ந்த ரப்பர் பாலை இப்படி ஓர் உருண்டையால் ஒற்றி எடுத்தது நினைவுக்கு வந்தது.

பசையின்மேல் பந்தை வைத்து மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தேன். பசை பந்தோடு வந்தது. ஒரு கீறல் இல்லை.

கேமராவை வாங்கிக்கொள்ள வந்த முதலாளி கேட்டார், "புதுசு மாரி இருக்கே, யாரு தொடைச்சா?"

"நான்தாண்ணே. எங்கப்பா தோட்டத்துல செஞ்ச பந்தால" என்று அதை எடுத்து நீட்டினேன்.

அந்தப் பந்து இப்போது வரவேற்பறை அலமாரியில் இருக்கிறது. அதில் மட்டும் நான் பெயர் ஒட்டவில்லை. யார் செய்தது என்று கேட்பவர்களுக்கு வாயாலேயே சொல்கிறேன்.