கோதுமைச் சமவெளியிலிருந்து வந்தவர்

எண்பதுகளின் நடுவில், சுவிஸின் பேர்ண் நகரில் அகதிகளாய் நாங்கள் மூவர் இருந்த அறைக்குக் கனடாவிலிருந்து ஒருவர் வந்து ஒரு கிழமை தங்கினார். மெலிந்து நெடுத்த யாழ்ப்பாணத்தவர். கனடாவில், மரங்கள் அருகிய கோதுமைச் சமவெளியில், கமக்காரரின் நிலம், தண்ணீர், உடல்நலம் பற்றி மேற்படிப்புக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஒன்றைக் கேட்டால், உண்மையான பதில் வரும்வரை பேசாமல் காத்திருப்பது அவர் பழக்கம்.

ஒருநாள் சாப்பிடும்போது, ஆஸ்பத்திரிக் குசினியில் வேலைசெய்த எங்கள் அறைத்தோழனிடம், "வடிவாய் நித்திரை வருதோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

அவர் சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தார். எனக்கே கூச்சமாகிவிட்டது. கடைசியில் அவன், "இல்லை அண்ணை, படுத்தால் மூச்சு இழுக்குது. வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சால் ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம்" என்றான்.

"அங்கை கமக்காரரும் முதல் 'சுகமாய் இருக்கிறம்' எண்டுதான் சொல்லுவினம். நாளைக்கு டொக்டரிட்டை நானும் வாறன்."

தொய்வு, அதாவது ஆஸ்துமா என்று டொக்டர் மருந்து கொடுத்தார். யாரும் அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவன் குறட்டைவிட்டுத் தூங்கினான். சத்தம் தாங்காமல் நாங்கள் இருவரும் வெளியே கிளம்பினோம். கூப்பிட்டும் அவர் வரவில்லை. கச்சேரிக்கு வந்தவர்போலச் சுவரில் சாய்ந்து, அந்தக் குறட்டையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.