பதினான்காவது கேள்வி

எடை மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டதாக நர்ஸம்மா இன்றைக்கும் பொய் சொல்கிறார். “அம்மா, கீழ கடைல ரெண்டு பேட்டரி வாங்கிட்டு வந்துடுங்களேன்.” மூன்றாம் மாடியிலிருந்து மாமியார் முனகிக்கொண்டே இறங்குகிறார். பிரசவமான வீடுகளுக்குப் போய்க் குழந்தையை எடை பார்ப்பது நர்ஸம்மாவின் வேலை. இப்படிச் சேர்ந்த பேட்டரிகள் அவர் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. “ரயிலே ஓட்டலாம்க்கா” என்று தங்கை கேலி செய்வாள்.

அவருடைய படிவத்தில் பதினான்கு கேள்விகள். பதின்மூன்று குழந்தையைப் பற்றி. கடைசியாக, ‘தாய் நலமா?’ பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு வீட்டில் அதைப் புருஷனையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டார். குனிந்த தலை நிமிராமல் அந்தப் பெண் “நல்லாருக்கேன்” என்றாள். ‘நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் நாள் அவள் குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டாள். நர்ஸம்மாவை யாரும் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து முதலில் பக்கத்தில் இருக்கிற ஆளைக் கிளப்புவார். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்பார். “பச்சை உடம்புக்காரிகிட்ட கேக்கற கேள்வியா இது?” என்று கூட வேலை செய்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். “கேட்டு யாரும் கெட்டுப்போனதில்ல” என்பார்.

இந்த மூன்றாம் மாடி வீட்டுப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். மூன்று வாரக் குழந்தை வீறிடுகிறது. இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“தூங்கி எத்தனை நாளாச்சு?”

“தெரியல.”

“குழந்தைய ஏதாவது பண்ணிடுவோமோன்னு தோணுதா கண்ணு?”

“நேத்து தலகாணிய எடுத்துட்டேன் நர்ஸம்மா. மூஞ்சிகிட்ட வரைக்கும்… அப்புறம் பயந்து வெச்சுட்டேன். என்னைப் புடிச்சிட்டுப் போயிடுவாங்களா?”

“டாக்டர்கிட்டதான் போறோம். நீ கெட்டவ இல்ல, உனக்கு உடம்பு சரியில்ல. நானும் கூட வரேன்.”

பேட்டரியோடு மூச்சு வாங்க வந்த மாமியாருக்கு, டாக்டரிடம் போக வேண்டும் என்றதும் கோபம் வருகிறது. “நாங்களும் நாலு பெத்தோம். இப்படியா ஆடினோம்?”

“உங்களால முடிஞ்சுதும்மா. இவளால முடியல. அழற புள்ளையோட இவளைத் தனியா விடாதீங்க. கிளம்புங்க, எல்லாரும் போலாம்.”

மாமியார் அப்போதுதான் மருமகளின் முகத்தைச் சரியாகப் பார்க்கிறார். வீட்டுச் சாவியை எடுக்கிறார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நர்ஸம்மா படியிறங்குகிறார். பின்னால் வருகிறவள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்திருக்கிறாள். நர்ஸம்மா நின்று, ஒரு கையை மெல்ல வெளியே இழுத்து, அதில் குழந்தையின் பாதத்தை வைத்து, விரல்களை மூடிவிடுகிறார்.