அம்மா பிடுங்காமல் விட்ட களை

அறுபதுகளின் நடுவில் எங்களுக்கு முதன்முதலாக ஒரு நிலம் கிடைத்தது. கவரைப்பேட்டைப் பக்கம் அப்பா செங்கல் அறுத்துக்கொண்டிருந்த சூளையின் முதலாளி, மேல்மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்ட அரை ஏக்கரைக் காட்டினார். "அஞ்சு வருஷத்துல இதுல ஒரு போகம் எடுத்துட்டா உனக்கே எழுதிக் குடுத்துடறேன். இல்லன்னா உட்டுடு" என்றார். விளையாது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்தான் இப்படித் தாராளமாகப் பேச முடியும்.

அம்மா சிறுவயதிலிருந்தே அடுத்தவர் வயலில் களை எடுத்தவள். ஒரு களை நின்றாலும் ஏச்சு விழும். அந்தப் பழக்கத்தில் எங்கள் நிலத்தையும் வழித்து வைத்திருந்தாள். ஒரு பச்சை தலைகாட்டினால் போதும், வேரோடு போய்விடும். எங்கள் வீட்டுத் தரைகூட அத்தனை சுத்தமாக இருந்ததில்லை. மழை வந்தால் மண் கரைந்து ஓடும். மிச்சம் வெயிலில் ஓடாக வெடிக்கும். இரண்டு வருஷம் விதைத்த கேழ்வரகு விரல் உயரத்தில் கருகிப்போனது.

மூன்றாம் வருஷம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன இடத்தில், சூளையில் செங்கல் அடுக்கு சரிந்து அம்மாவின் கால் முறிந்தது. எலும்பு கோணலாகக் கூடியது. இரண்டு மழைக்காலம் அவளால் குனிய முடியவில்லை. அப்பாவுக்குச் சூளை, எனக்குப் பள்ளிக்கூடம். நிலத்தை யாரும் தொடவில்லை.

முதலில் நெருஞ்சி படர்ந்தது. காலில் குத்தும்போதெல்லாம் அதை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அதன் அடியில் மண் கொஞ்சம் தங்கியது. தங்கிய மண்ணில் கொளுஞ்சிச் செடி முளைத்தது. கொளுஞ்சி இலை உதிர்ந்து மக்கிய இடத்தில் புல் வந்தது, புல்லுக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்கு மைனா வந்தது. அடுத்த மழை முடிவதற்குள் ஆவாரம் பூத்து, அதன் நிழலில், ஏதோ காக்கை போட்ட விதையில் வேப்பங்கன்று ஒன்று நின்றது. ஒன்று இடம் செய்து கொடுக்க, அடுத்தது வந்து உட்கார்ந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. இப்போது நினைத்தால் எதற்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நெருஞ்சிக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் வருஷம் ஆடி மாதம் அம்மா கோலை ஊன்றி வந்து பார்த்தாள். அழுதேவிட்டாள். "இன்னாய்யா இது, காடா கீது! பாக்கறவங்க காறித் துப்புவாங்களே."

அப்பா ஒரு கொளுஞ்சியைப் பிடித்து இழுத்தார். வேரில், மண்ணுக்கு உரம் சேர்க்கும் சின்னச் சின்ன முடிச்சுகள். கூடவே வந்த மண் கறுப்பாக, பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு மண்புழு நெளிந்தது. எங்கள் நிலத்தில் நாங்கள் பார்த்த முதல் மண்புழு அது.

"நீ பாட்டுக்குப் படுத்துகினு இருந்தே. அது பாட்டுக்கு வேலை செஞ்சிகினு இருந்துகீது" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "அப்போ இத்தினி நாளும் நான்தான் கெடுத்துகினு இருந்தேனா?" என்று கேட்டாள். அப்பா கொளுஞ்சியை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு ஏர் இரவல் கேட்கப் போனார்.

கொளுஞ்சியை மண்ணோடு மடக்கி உழுது கேழ்வரகு விதைத்தோம். வேப்பங்கன்று நின்ற ஓரத்தை அப்படியே விட்டோம். பயிர் இடுப்பளவு வந்தது. முதலாளி வந்து பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கினாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கதிர் முற்றிய வாரம், அம்மா மறுபடி குனிய ஆரம்பித்தது தெரிந்து, களை எடுக்க ஆள் கூப்பிடுகிறவர் எங்கள் வாசலுக்கு வந்தார். முன்பெல்லாம் அவர் குரல் கேட்டதுமே அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அன்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "எங்க நெலத்துல அறுப்பு கீதுங்க. வர முடியாது."