மாரிச்செல்வத்தின் முட்டி

1. கைத்தடி

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் நான் ட்ரிம் லைன் டீம் லீடர். பெயின்ட் முடிந்து வரும் வெறும் கார்க் கூட்டுக்குள் ஒயர், கார்ப்பெட், டேஷ்போர்டு எல்லாம் மாட்டுகிற இடம் அது. இங்கே கைக்கு அடுத்தபடி முட்டிதான் முக்கியம். நகர்கிற காருக்குள் ஒரு காலை வைத்து, உடம்பைத் திருப்பி, குந்தி, வேலையை முடித்து வெளியே வர வேண்டும். ஷிப்ட் முழுக்க இதேதான்.

பைக்கில் சறுக்கி விழுந்ததில் என் வலது முட்டியில் லிகமென்ட் அறுந்தது. ஆபரேஷன் முடிந்து நான் வீட்டில் கிடந்தபோது, என் டீம் ஆபரேட்டர் மாரிச்செல்வம் கம்பெனி கபடிப் போட்டியில் அதே லிகமென்ட்டை அறுத்துக்கொண்டான். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். வடக்குப்பட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். எனக்குப் பிறகுதான் அவனுக்கு ஆபரேஷன் நடந்தது. இதை மறந்துவிடாதீர்கள், என் வயிற்றெரிச்சலுக்கு இதுதான் மூலம்.

நான் முதலில் போன பிசியோதெரபி சென்டர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்தவர் முட்டியில் கரண்ட் பேடை ஒட்டிவிட்டு போனோடு வெளியே போய்விடுவார். மெஷின் கத்தினால் வந்து கழற்றுவார். படுத்திருக்கச் சுகமாகத்தான் இருக்கும். எழுந்தால் முட்டி பழையபடி மரக்கட்டையாக இருக்கும்.

ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நின்ற பஸ்ஸிலிருந்து மாரிச்செல்வம் இறங்கினான். கையில் தடி இல்லை. நொண்டல் இல்லை. ரோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, இன்னும் கம்பு ஊனிக்கிட்டா இருக்கிய?"

அக்கறையோடுதான் கேட்டான். எனக்கு அந்தக் கம்பாலேயே அவன் முட்டியில் ஒன்று போடலாம் போலிருந்தது.

அந்த வாரமே மேனேஜர் போன் செய்தார். "சீக்கிரம் ரெடியாகி வாங்க. உங்க ரெண்டு பேர்ல யார் முதல்ல ஃபிட் ஆகி வர்றாங்களோ, அவங்களை வெச்சுத்தான் டீமை ஓட்டணும்."

மாரிச்செல்வத்தைப் பற்றி வீட்டில் புலம்பித் தீர்த்தேன். என் மனைவி சாந்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இப்டி பொருமிகினே கீறீங்க? முட்டிய எங்க காட்றாருன்னு அவரையே ஒரு வார்த்த கேட்டா, வாய்ல இருந்து முத்தா கொட்டிடும்?"

2. மருந்துக்கடை மாடி

கேட்டேன். மாரிச்செல்வம் உடனே சொல்லிவிட்டான். வழி தெரியாமல் அலையக்கூடாது என்று கூடவே வந்து விட்டுவிட்டும் போனான். மறைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருந்துக்கடை மாடி. பிசியோதெரபிஸ்ட் பெயர் பிரிசில்லா. மெஷினைத் தொடவே இல்லை. "லைன்ல உங்க வேலை என்ன சார்? வாயால வேண்டாம், செஞ்சு காட்டுங்க" என்றார்.

மூலையில் இரண்டு ஸ்டூல் மீது ஒரு பலகை குறுக்காகக் கிடந்தது. காருக்குள் ஏறும்போது தாண்ட வேண்டிய கதவின் கீழ்ச்சட்டம் இருக்கும் அதே உயரம். அது மாரிச்செல்வத்துக்காகச் செய்தது என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டது.

"நான் ஆபரேட்டர் இல்ல மேடம். டீம் லீடர். நின்னு பாத்துக்கற வேலை."

அது பாதிதான் உண்மை. லைனில் எவனுக்காவது பாத்ரூம் வந்தால், ஆள் கூப்பிடத் தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுப்பான். அவன் திரும்பி வரும்வரை அவன் இடத்தில் காருக்குள் ஏறி இறங்க வேண்டியவன் டீம் லீடர். ஆனால் மாரிச்செல்வம் தாண்டிய பலகையை நானும் தாண்ட வேண்டுமா என்ன?

அந்த அம்மா நான் சொன்னதை நம்பி, நிற்க, நடக்க, படி ஏறப் பயிற்சி கொடுத்தார். நொண்டல் போயிற்று. தடியைப் பரணில் போட்டேன். இனி என்ன, என் இடம் எனக்குத்தான் என்றிருந்தேன்.

3. ஃபிட்னெஸ்

இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். கம்பெனி டாக்டர் எங்களை ட்ரெயினிங் ஹாலுக்கு அழைத்துப்போய் ஒரு காலிக் கார்க் கூட்டைக் காட்டினார். "உள்ள ஏறி குந்திட்டு வாங்க."

மாரிச்செல்வம் தன் ரூமுக்குள் போவதுபோல் போய்விட்டு வந்தான். நான் காலை உள்ளே வைத்தேன். உடம்பைத் திருப்பும்போது முட்டி பிடித்துக்கொண்டது. உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. கடைசியில் கை கொடுத்து வெளியே இழுத்தவனும் அவன்தான்.

"இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார் டாக்டர். மேனேஜர் மாரிச்செல்வத்தின் தோளைத் தட்டினார். "அதுவரைக்கும் டீமை நீ பாத்துக்கோ."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பிரிசில்லாவிடம் போய் நின்றேன். "மேடம், நானும் காருக்குள்ள ஏறணும்."

"முதல் நாளே ஏன் சார் சொல்லல?"

அவரே பலகையை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மடக்கலுக்கும் அவன் புராணம்தான். மாரிச்செல்வம் இடுப்பை முதல்ல திருப்புவார், மாரிச்செல்வம் குதிகாலைத் தூக்க மாட்டார்.

"அவன் பேரைச் சொல்லாம இருந்தீங்கன்னா இன்னும் நல்லா மடக்குவேன் மேடம்."

"சொன்னாத்தான் சார் உங்களுக்கு மடங்குது."

4. கயிறு

ஒருவழியாகத் தேறி, டாக்டர் கையெழுத்தோடு என் இடத்துக்குத் திரும்பினேன். முதல் ஷிப்ட்டிலேயே கயிற்றை இழுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

"அண்ணாச்சி, பாத்ரூம் போய்ட்டு வாரேன்."

ஏறினேன். திரும்பினேன். குந்தி கார்ப்பெட் கிளிப்பை அடித்தேன். இறங்கினேன். அடுத்த கார், அதற்கடுத்த கார். நிமிர்ந்தால் மாரிச்செல்வம் திரும்பி வந்து ஓரமாக நின்று என் முட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

லைனுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஆபரேஷன் ஆனால், மெஷினை மாட்டுவதற்கு முன் உங்கள் வேலை என்னவென்று கேட்கிற பிசியோவைத் தேடிப் போங்கள். அவர் கேட்டால் முழு வேலையையும் சொல்லுங்கள். கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற வேலையை முதலில் சொல்லுங்கள்.

மாரிச்செல்வம் பக்கத்தில் வந்தான். "அண்ணாச்சி, எனக்குத் திரும்பயில இன்னும் லேசா பிடிக்கி. உங்களுக்கு இவ்வளவு லேசா வருதே. மேடம் புதுசா எதுவும் சொல்லிக் குடுத்தாவளா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல் அதில் இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு, அவன் ஏற வேண்டிய காரிலும் நானே ஏறினேன்.