தம்பியின் கம்பளிச்சட்டை

சுவிட்சர்லாந்தின் துன் ரயில் நிலையத்தில் ரூத் தன் பையைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணத்தது. உள்ளே, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளவான பச்சைக் கம்பளிச்சட்டை. அவளுடைய அம்மா ஹன்னா இறந்த பிறகு, ஆண்டுக்கொரு முறை நாங்கள் இருவரும் அதைப் பிரெஞ்சு எல்லைவரை கொண்டுபோய் வருகிறோம்.

எனக்கு ஆறு வயதில், அம்மா ஹோட்டல் வேலைக்குப் போகும்போது என்னைக் கீழ்வீட்டு ஹன்னாவிடம் விடுவார். ஹன்னா பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் அந்தச் சட்டையை இடுப்பில் கட்டி, மேலே கோட் போட்டுக்கொள்வார். ரயிலில் உட்காரவே மாட்டார், கதவருகே நிற்பார்.

ஒரு குளிர்நாள் பெட்டியில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. நடுங்கியபடி அந்தச் சட்டையைக் கேட்டேன். ஹன்னா தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தினார்.

"இது தம்பிக்கு," என்றார்.

எனக்குக் கோபம். அந்தத் தம்பி எங்கே ஏறப்போகிறான் என்று ஒவ்வொரு நிலையத்திலும் எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முறையிட்டேன்.

"ஹன்னா சின்னப்பிள்ளையா பிரான்சில இருக்கேக்க, ஹிட்லரின்ர ஆக்கள் யூதப் பிள்ளையளைப் பிடிச்சுக் கொண்டுபோன காலம் அது," என்றார் அம்மா. "அவவைக் களவா எல்லை தாண்டி இஞ்ச அனுப்பேக்க, தம்பி வந்ததும் போட்டுவிடு எண்டு தாய் இடுப்பில கட்டிவிட்டவ. அவன் அடுத்த நாள் வரவேண்டியவன். வழியில பிடிச்சிட்டாங்கள். இனி அதைக் கேளாதை பிள்ளை."

இப்போது துன்னிலிருந்து எங்கள் ரயில் புறப்பட்டுவிட்டது. "இடம் கிடக்கு, வந்து இரு," என்று ரூத் கூப்பிடுகிறாள். நான் சட்டை இருக்கும் அவளுடைய பையோடு கதவருகே நிற்கிறேன். அடுத்த நிலையம் வருகிறது. ஏறுகிறவர்களில் சிறுவன் யாராவது இருக்கிறானா என்று பார்க்கிறேன்.